கொழும்புக்குப் போகாத கிராணிகள்

தூத்துக்குடி
ஆவணி 5, 1911

அக்கா பிரம்மநாயகிக்கு,

வைத்தியலிங்கம் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். மற்றதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் இது ஒன்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது தப்புத்தான். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாய். மெட்ரிகுலேஷன் தேறிய பிறகும் தாலுகா கச்சேரி வாசலில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். நீ பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாய், அந்தச் சம்பளத்தில் நான் சாப்பிடுகிறேன் என்று பாளையங்கோட்டைத் தெருவில் பேசாத வாய் இல்லை. உன்னிடம் அதைச் சொன்னால், "யாரு சம்பளம்னு சோத்துக்குத் தெரியுமா லே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் என்னை ரயிலேற்றியது.

இனி அந்தப் பேச்சு இல்லை. கொழும்பில் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குக் கிராணி வேலை ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. ஏற்பாடு செய்தவர் ஏஜெண்ட் பாபநாசம் அண்ணாச்சி. தங்கக் கம்பி போட்ட மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. எல்லாரையும் "தம்பி, தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கப்பல் வரும் வரை அவர் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் தபால்களையும் என்னையே எழுதச் சொல்கிறார். சர்டிபிகேட்டையும், ஜாமீனாக அப்பாவின் கடுக்கனையும் அவர் பெட்டியில் வாங்கி வைத்திருக்கிறார்.

இன்னும் ஆட்கள் வேண்டுமாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் என்னைத் தலைமைக் கிராணி ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு நெல்லையப்பனுக்கும், ஆற்றங்கரைத் தெரு சுடலைமாடனுக்கும் எழுதியிருக்கிறேன். நீயும் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல். நம்பாவிட்டால் உவரி சவரிமுத்து கதையைச் சொல். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன், இதே ஏஜெண்டிடம் வந்து கொழும்பு போனவன், இப்போது பங்களாவில் இருக்கிறான், காலில் ஜோடு போட்டு நடக்கிறான்.

பதிலை ரயிலடி காபி கிளப் மேல்பார்வைக்கு எழுது. தபால் போட தினமும் அந்தப் பக்கம் போவேன்.

வைத்தி


பாளையங்கோட்டை
ஆவணி 9

வைத்தி,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். உயிரோடு இருக்கிறாய் என்ற வரியை அதற்கு மேலும் படித்தேன்.

உனக்கு வேலை கிடைத்தால் என்னைவிடச் சந்தோஷப்பட ஆள் கிடையாது. ஆனாலும் சில கேள்விகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

கொழும்பில் கணக்கு எழுத ஆளே இல்லையா? அந்தக் கம்பெனியின் பெயர் என்ன? இவ்வளவு எழுதியவன் அதை எழுதவில்லையே. காகிதம் ஏதாவது கையெழுத்துப் போட்டிருப்பாயே, அதை முழுதாக வாசித்தாயா, அல்லது அவர் விரல் வைத்த இடத்தில் போட்டாயா? வேலை கொடுப்பவனிடம் நீ சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டியதுதான். அதை அவன் பெட்டியில் வைத்துப் பூட்டுவானேன்? கடுக்கனை விடு. அப்பாவே போன பிறகு கடுக்கன் போனால் என்ன.

பத்துப் பேரைக் கொண்டுவந்தால் தலைமைக் கிராணி என்கிறாய். கணக்கு நன்றாக எழுதினால் தலைமைக் கிராணி ஆக்குவார்கள் என்றால் எனக்குப் புரியும். ஆள் பிடித்தால் ஆக்குவார்கள் என்பதுதான் புரியவில்லை.

நான் யார் வீட்டிலும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன் கடிதத்தை நம்பி நெல்லையப்பன் நேற்றுக் காலை ரயிலுக்குப் போய்விட்டான். அவன் அம்மா அன்னத்தாய் அத்தை தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வாயில் போடவில்லை.

ஊருக்கு வா. வந்து என்னோடு சண்டை போடு.

அக்கா


தூத்துக்குடி
ஆவணி 14

அக்கா,

உன் கேள்விகளை அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "வீட்டுப் பொம்பளை சம்பளத்துக்குப் போனா இப்படித்தான், எல்லாத்தையும் பரீட்சை வைப்பா" என்றார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

நெல்லையப்பன் சௌக்கியம். சுடலைமாடன் தன் சேக்காளிகளோடு வந்திருக்கிறான். இடம் நெருக்கடியாகிவிட்டது. ஊரில் திருட்டுப் பயம் என்று பொழுது சாய்ந்ததும் வெளிக்கதவைப் பூட்டிவிடுகிறார்கள். தபால் போட நான் ஒருவன்தான் வெளியே போகிறேன், கூட அவருடைய ஆள் ஒருவன் வருகிறான்.

நீ சந்தேகப்படுவது என்னைத்தான். நானாக ஒன்றைச் சாதிப்பேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கொழும்பிலிருந்து முதல் சம்பளத்தில் உனக்குப் புடவை வரும், அப்போது பேசிக்கொள்வோம். அதுவரை எழுத வேண்டாம்.

வைத்தியலிங்கம்


பாளையங்கோட்டை
ஆவணி 30

வைத்தி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிளப் வாசலில் நின்றே இதைப் படித்துவிடு, அந்த வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போகாதே.

உன் கடிதத்தில் ஒரே ஒரு பெயர்தான் நான் பிடித்துக்கொண்டு போகக்கூடியதாக இருந்தது. உவரி சவரிமுத்து. உவரியிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவர்கள் நம் சந்தைக்கு வாராவாரம் வருகிறார்கள் அல்லவா? பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போனேன். நம் சித்தி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினாளா, முகத்தைப் பொத்தினாளா தெரியவில்லை.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசிக் கூடையில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் செபஸ்தியாள்.

"நீங்க இதெல்லாம் சாப்பிடுத ஆளுவ இல்லயே. என்ன வேணும்?" என்றாள்.

"கொழும்புக்குப் போன சவரிமுத்து வீட்டைத் தேடுதேன். பங்களாவில இருக்கானாமே?"

அவள் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தாள். "எம் மகன்தான். யாரு சொன்னா பங்களான்னு?"

அடுத்த வாரம் மகனையே கூட்டிக்கொண்டு வந்தாள். வைத்தி, அவன் கொழும்பில் இல்லை. ஒரு வருஷமாக உவரியில்தான் இருக்கிறான். இடது கால் மடங்கவில்லை, இழுத்து இழுத்து நடக்கிறான். உன்னைப் போலவே கிராணி வேலை என்று அழைத்துப் போனார்கள். கொழும்பில் இறங்கியதும் அங்கிருந்து மலைக்கு ஏற்றி, தேயிலைத் தோட்டத்தில் கூடையைக் கொடுத்துவிட்டார்கள். நான் கிராணி என்று சொல்லியிருக்கிறான். நீ கையெழுத்துப் போட்ட காகிதம் கூலிக் காகிதம் என்று காட்டியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் போட்ட சோறு, துணி, கப்பல் கூலி எல்லாம் அவன் பேரில் கடன். அது தீரும் வரை தோட்டத்தை விட்டு நகரக்கூடாது. மழையில் சரிவில் உருண்டு கால் முறிந்து, கட்டுப்போட ஆளில்லாமல் கிடந்து, தப்பி வந்திருக்கிறான். ஒவ்வொரு தலைக்கும் பாபநாசத்துக்கு அங்கே கமிஷன் உண்டு.

கிளம்பும்போது அவன் என்னிடம் ஒன்று கேட்டான். "உங்க தம்பிக்குக் கம்பளி குடுத்திட்டாவளாம்மா?"

ஏன் என்றேன்.

"கொழும்பு வெக்கையில கிராணிக்குக் கம்பளி எதுக்கு? அது மலைக் குளிருக்கு. கம்பளி குடுத்தா மறுவாரம் கப்பல்."

உனக்குக் கம்பளி கொடுத்துவிட்டார்களா?

அக்கா


தூத்துக்குடி
புரட்டாசி 3

அக்கா,

நேற்றுக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று. நாங்கள் சிரித்துக்கொண்டே போர்த்திப் பார்த்தோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளப் பின்கட்டு அடுப்பில் போட்டேன். கூட வந்த ஆளிடம் கை கழுவப் போனேன் என்று சொன்னேன்.

நெல்லையப்பனிடம் மட்டும் பைய விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்குத் தலைமைக் கிராணி வேலை தரலைன்னு பொறாமையில பேசுதியா லே" என்று கேட்டான். அவனை நம்பவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. போலீஸுக்குப் போகலாம் என்றால், இங்கே ஒரு போலீஸ் சேவகரே தினமும் மத்தியானம் இந்த வீட்டில்தான் சாப்பிடுகிறார். நாங்கள் எல்லாரும் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நான் மட்டும் நினைத்தால் ரயிலடியிலிருந்து இப்படியே ஓடி வந்துவிடலாம். நீயும் அதைத்தான் சொல்வாய். ஆனால் இவர்கள் என் கடிதத்தை நம்பி வந்தவர்கள். நான் ஓடினால் இவர்களை அன்றைக்கே வேறு வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள். தனியாக வர மாட்டேன் அக்கா.

வருகிற சனிக்கிழமை கப்பல். ஏதாவது செய்ய முடியுமா?

வைத்தி


பாளையங்கோட்டை
புரட்டாசி 5

வைத்தி,

ஓடி வா என்று நான் சொல்ல மாட்டேன். நீ தனியாக வர மாட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நீ செய்ய வேண்டியது இது. சனிக்கிழமை எல்லாரோடும் சேர்ந்து தோணியில் ஏறு. ஒரு வார்த்தை பேசாதே. பாபநாசத்தின் பெட்டி தோணியில் ஏறினால் அதன் பக்கத்தில் உட்கார்.

தூத்துக்குடியில் கரை ஆழமில்லாததால் கப்பல் தூரத்தில் நிற்கும், தோணியில்தான் அதுவரை போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தோணிகளில் ஒன்றை ஓட்டுகிற தண்டல், செபஸ்தியாளின் உடன்பிறந்தான் தொம்மை. உன் பதிலுக்குக் காத்திராமல் அவள் போன வாரமே அவரிடம் போய்ப் பேசிவிட்டாள். கப்பல் நாளில் பாபநாசத்தின் ஆட்களை ஏற்றும் முறையை மற்றத் தண்டல்கள் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கரையிலேயே மடக்கினால் என்ன என்று செபஸ்தியாளைக் கேட்டேன். "கரையில அவனுக்கு ஆளு இருக்கு. கடல்ல எங்க ஆளுதான்" என்றாள்.

அன்னத்தாய் அத்தையையும் சுடலைமாடனின் அப்பா முத்துமாலையையும் மற்ற வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். கரையில் நிற்போம்.

ஏறு என்று என் கையாலேயே எழுதுகிறேன். ஏறு.

அக்கா


தூத்துக்குடி, தண்டல் தொம்மை வீடு
புரட்டாசி 12

அக்கா,

அன்றைக்குக் கரையில் கூட்டத்துக்கு நடுவே உன் கையைப் பிடித்ததோடு சரி. என்னை இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்துக்கு அழைத்துப் போய்விட்டார், நீ வந்த வீட்டாரைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயிலுக்குப் போய்விட்டாய். நீ பார்க்காததை நான்தான் சொல்ல வேண்டும். வாக்குமூலம் முடியும் வரை தொம்மை அண்ணாச்சி தன் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்.

விடிந்ததும் எங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். தோணி வந்து நின்றது. எல்லாரும் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் நான். பாபநாசம் கடைசியாக ஏறிப் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்தார். தோணியாட்கள் அம்பா பாடிக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். பிறகு பாய் விரித்தார்கள். தூரத்தில் கப்பலின் புகை தெரிந்தது. கரை ஒரு கோடு மாதிரி ஆனது. நெல்லையப்பன் என் தோளில் சாய்ந்து, "வைத்தி, கொழும்பில தேங்காய் எண்ணெய் கிடைக்கும்லா" என்று கேட்டான்.

அப்போது தொம்மை அண்ணாச்சி சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏசெண்டு அண்ணாச்சி, இந்தப் பிள்ளையளுக்கு அங்கன என்ன வேலை?"

"எல்லாருக்கும் கிராணி உத்தியோகம் வே. ஒங்க உவரிப் பையன்கூட ஒருத்தன் இருக்கான், சவரிமுத்து. போன தபால்ல எழுதியிருந்தான்."

"நம்ம சவரிமுத்தா? நல்லா இருக்கானா?"

"பங்களா, சமையலுக்கு ஆளு. பளபளன்னு ஜோடு போட்டுக்கிட்டு டக்கு டக்குன்னு நடக்குதான்."

"ரெண்டு கால்லயுமா?"

பாபநாசத்துக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தான். துண்டை எடுத்தான். காலை இழுத்து இழுத்து எங்கள் எல்லாருக்கும் நடுவே வந்து நின்றான்.

"நான் நடக்கதப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான்.

பாபநாசத்தின் முகம் வெளுத்துப்போனதை எல்லாரும் பார்த்தார்கள். நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் அந்த முகத்தைப் போல் சொல்லியிருக்க முடியாது.

சவரிமுத்து அவரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் பேசினான். மலையை, கூடையை, கடனை, மழையில் உருண்டதை. குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில், "மடியில இருக்கே, அது எதுக்குன்னு அவர்கிட்டயே கேளுங்க" என்றான். நெல்லையப்பன் கம்பளியைக் குனிந்து பார்த்தான். பிறகு எழுந்து அதைக் கடலில் எறிந்தான். அடுத்து ஒருவன் எறிந்தான். அப்புறம் எல்லாரும்.

"பாயைத் திருப்பு" என்றார் தொம்மை.

பாபநாசம் முதலில் மிரட்டினார். கோர்ட்டு என்றார், காகிதம் என்றார். பிறகு கெஞ்சினார். இரண்டும் பலிக்கவில்லை என்றதும் பாய்ந்து வந்து பெட்டியைக் கடலில் தள்ளப் பார்த்தார். எல்லாருடைய சர்டிபிகேட்டும் அதில்தான் இருந்தது. நான் அதன்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டேன். என் கையைக் கடித்தார், அக்கா. தங்கக் கம்பி மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். சுடலைமாடன் வந்து அவரை இடுப்போடு தூக்கிப் பலகையில் உட்கார வைத்தான்.

"பைய இரிங்க அண்ணாச்சி. கடலு ஆழம்" என்றான்.

அதற்கு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. தோணி முழுக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். கப்பல் பின்னால் ஊதிக்கொண்டே இருந்தது. நாங்கள் கரையைப் பார்த்து வந்தோம்.

வருகிற வழியில் தொம்மை அண்ணாச்சி, "ஒங்க அக்கா என்ன செய்தாவ?" என்று கேட்டார். வாத்தியாரம்மா என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

இங்கே தோணிக்காரர்களுக்குச் சரக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டுமாம். என்னைக் கேட்டிருக்கிறார்கள். காகிதம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சேரட்டுமா?

வைத்தி


பாளையங்கோட்டை
கார்த்திகை 21

அன்புள்ள வைத்தி,

சேர் என்று நான் எழுதியபடியே நீ அந்த வேலையில் சேர்ந்து நன்றாக இருக்கிறாய் என்று நெல்லையப்பன் வந்து சொன்னான். உன் வாக்குமூலம் முடிந்து நீ தோணியோடு கொச்சிக்குப் போயிருந்த நேரத்தில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தீர்ப்பும் வந்துவிட்டது. அதை நீ தெருப்பேச்சில் கேட்பதற்குமுன் நானே எழுத வேண்டும்.

அதற்குமுன் கரையில் நடந்ததில் உனக்குத் தெரியாத பாதி. துறைமுக அதிகாரி முதலில் எங்களை உள்ளேயே விடவில்லை. வெளியூர்ப் பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்து என்ன புகார் என்றார். சவரிமுத்து சொன்னதை நான் எழுதி, அவன் கையெழுத்தோடு கொண்டுபோயிருந்தேன். வாசிக்கட்டுமா என்றேன். வேலை இருக்கிறது என்றார். "சரி, நாங்க காத்திருக்கோம்" என்று அவர் வாசற்படியிலேயே எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். அவர் வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே இருக்கவும் முடியவில்லை. கடைசியில் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் உட்கார்ந்தார். அவரே ஆளனுப்பி இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்.

அன்னத்தாய் அத்தையால் கடலைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "பாயி பெருசாவுதா, சிறுசாவுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் சிறிதாகிக்கொண்டேதான் இருந்தது. பிறகு அப்படியே நின்றது. பிறகு, "பெருசாவுது அத்தை" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கரை கிட்டே வந்ததும் பாபநாசம் குதித்து ஓடப் பார்த்ததை நீயே பார்த்தாய். முழங்கால் சேற்றில் எங்கே ஓடுவது? செபஸ்தியாள் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள், அவ்வளவுதான். கையைக்கூட ஓங்கவில்லை. "எம் மகன் பங்களாவக் காட்டுங்க" என்றாள்.

இனி கோர்ட்டு. கூண்டில் ஏறினேன். நம் வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே ஏறியதில்லை. சித்தி வாசல் வரை வந்து ஓரமாக நின்றுகொண்டாள். பாபநாசத்தின் வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் சைவக் குடும்பம் இல்லையா?"

"ஆமா."

"மீன் வாங்குவதில்லை?"

"இல்லை."

"அப்படியிருக்கக் கௌரவமான வீட்டுப் பெண்மணிக்குக் கருவாட்டுச் சந்தையில் என்ன வேலை?"

எதிரே செபஸ்தியாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன்.

"என் தம்பிய எங்க கொண்டுபோறாங்கன்னு தெரிஞ்சவங்க அங்கதான் இருந்தாங்க" என்றேன்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார். பாபநாசத்துக்குக் கடுங்காவல். அவரோடு இருந்த ஆட்களுக்கும் சிறை. அந்தச் சேவகருக்கு வேலை போயிற்று. உங்கள் கூலிக் காகிதங்கள் எல்லாம் செல்லாது என்று தீர்ப்பிலேயே எழுதியாகிவிட்டது. வெளியே வந்ததும் சித்தி நேராகச் செபஸ்தியாளிடம் போனாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்தேன். கொண்டுபோயிருந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினாள். இருவரும் கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

போன வாரம் இன்னொன்று நடந்தது. ஆற்றங்கரைத் தெருவுக்கு ஒருவர் வண்டியில் வந்திருக்கிறார். பினாங்கில் உத்தியோகம், ரப்பர்க் கம்பெனி, படித்த பிள்ளைகள் வேண்டும் என்றாராம். தெருவே கூடிவிட்டது. முத்துமாலை அவருக்கு மோர் கொடுத்து, "நல்ல விசயம்லா, எங்க டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று அப்படியே பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் சுடலைமாடன், நெல்லையப்பன், உன்னோடு தோணியில் இருந்த அத்தனை பேரும்.

நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கும்பிட்டேன்.

"கம்பெனியின் பெயர் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறக்குமுன் நெல்லையப்பன், "அங்க குளிரு எப்படி?" என்றான். சுடலைமாடன், "காகிதத்த இங்கனயே வாசிச்சுக் காட்டுவியளா?" என்றான். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வண்டியில் காகிதம் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனார்.

வண்டி பாலத்தைத் தாண்டுகிற வரை பிள்ளைகள் ஜன்னலைவிட்டு இறங்கவில்லை. அன்றைக்கு வாய்ப்பாட்டை எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஆற்றங்கரை வரை கேட்டதாம்.

அக்கா
பிரம்மநாயகி